டச்பேட் மக்கர் செய்தால்

டச்பேட் வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் கடைக்குப் போனால், பல இடங்களில் முதல் பதிலே "பேனலை மாத்தணும் சார்" என்பதுதான். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வீட்டு லேப்டாப்களில் டச்பேட் தானாகவே கெட்டுப்போவது அபூர்வம். அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கும். மதர்போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள் இளகியிருக்கும். சுவரிலுள்ள பிளக்கில் எர்த் இருக்காது. அல்லது வீட்டில் யாரோ தெரியாமல் ஒரு விசையை அழுத்தி அணைத்து வைத்திருப்பார்கள். இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் டச்பேடையே சந்தேகப்பட வேண்டும். அதனால் இந்த அத்தியாயம் இந்த வரிசையில் போகிறது: செலவில்லாதது முதலில், திருப்புளி பிறகு, புதுப் பாகம் கடைசியில்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடியாத லேப்டாப் என்றால், திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். இலவசமாக நடக்க வேண்டிய வேலையை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

விரல் படும் மேற்பரப்பு வெறும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தாள். அதற்கு அடியில் ஒரு சர்க்யூட் போர்டு. அதில் மெல்லிய செம்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் துளியளவு மின்னூட்டம் நிற்கும். நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் நெருங்கியதும் அந்த இடத்து மின்னூட்டம் கொஞ்சம் குறைகிறது. போர்டிலுள்ள சிப் ஒரு நொடிக்குள் பலமுறை எல்லாக் கட்டங்களையும் அளந்து, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்து, விரல் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஃபைடு என்பவர் 1988-ல் கண்டுபிடித்த முறை இது. 1994-ல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசையில் வந்த பிறகு மற்ற லேப்டாப்களுக்கும் பரவியது.

இந்த அடிப்படை தெரிந்தால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே புரியும். கர்சர் நகர அழுத்தம் தேவையில்லை. அழுத்தி அழுத்தித் தேய்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. குளித்துவிட்டு வந்த ஈரக் கையோ வியர்த்த கையோ பட்டால் அளவு குழம்பும். பரப்பில் தண்ணீர்த் துளி நின்றால் அதையும் ஒரு விரல் என்றே சிப் நினைத்துக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்கார்ந்தால் பரப்பில் பிசுக்கு ஏறி, விரல் வழுக்காமல் தடுக்கித் தடுக்கி நகரும். சார்ஜர் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத மின் இரைச்சல் வந்தாலும் குழப்பம்தான்.

ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. லேப்டாப்பை அணையுங்கள். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாக நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். திரவத்தை நேரடியாக டச்பேடின் மேல் ஊற்றக் கூடாது. ஹேண்ட் சானிடைசர் வேண்டாம். அதிலுள்ள கிளிசரின் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

திறக்காமல் செய்ய வேண்டியவை

கர்சர் அசையவே இல்லை என்றால் ஒரு யுஎஸ்பி மவுஸைச் செருகிக்கொள்ளுங்கள். இனி வரும் வேலைகளுக்கெல்லாம் அது வேண்டும். மவுஸ் இல்லாவிட்டால் விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று தட்டி, என்டர் கொடுத்தால் அதற்கான பக்கம் திறக்கும். டேப் விசையால் ஒவ்வொன்றாக நகர்ந்து, ஸ்பேஸ் விசையால் மாற்றலாம்.

டச்பேட் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று அங்கே பாருங்கள். பல லேப்டாப்களில் கீபோர்டின் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட ஒரு விசை இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அதை அழுத்தினால் டச்பேட் அணையும், மறுபடி அழுத்தினால் உயிர் பெறும். குழந்தைகள் கீபோர்டைத் தட்டி விளையாடும் வீடுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய எச்பி லேப்டாப்கள் சிலவற்றில் டச்பேடின் இடது மேல்மூலையை இருமுறை தட்டினால் அது அணைந்து, அங்கே ஒரு சிறு ஆரஞ்சு விளக்கு எரியும். மறுபடி இருமுறை தட்டினால் போதும். மவுஸ் செருகியிருக்கும்போது மட்டும் டச்பேட் வேலை செய்யவில்லை என்றால், அது செட்டிங்ஸில் இருக்கும் ஒரு டிக் மார்க் சமாச்சாரம். மேக்புக்கிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் இதே மாதிரி ஒன்று உண்டு.

அடுத்தது இந்தப் பகுதியிலேயே முக்கியமான சோதனை. கோளாறு விண்டோஸிலா, வன்பொருளிலா என்று பிரித்துவிட வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். இப்போது வரும் பல மாடல்களின் பயாஸில் கர்சர் உண்டு. அங்கே டச்பேட் நன்றாக வேலை செய்தால் குற்றவாளி விண்டோஸ். திருப்புளியை எடுக்கவே வேண்டாம். உங்கள் பயாஸில் கர்சர் இல்லாவிட்டால், உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. பயாஸுக்குள் இருக்கும்போதே டச்பேட் அல்லது இன்டர்னல் பாயிண்டிங் டிவைஸ் என்ற வரி டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ்தான் காரணம் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மவுஸ் என்ற தலைப்பின் கீழும் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்பதன் கீழும் மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்டேட் ஆன மறுநாளே கோளாறு வந்தால் ரோல் பேக் டிரைவர் கைகொடுக்கும். புதிதாக விண்டோஸ் போட்டு வாங்கிவந்த லேப்டாப்பில் டச்பேட் மட்டும் செத்துக் கிடந்தால், அதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. இன்டெல் பிராசஸர் உள்ள பல லேப்டாப்களில் டச்பேட் ஐ2சி என்ற இணைப்பு வழியாகப் பேசுகிறது. அந்த இணைப்புக்கே தனியாக சீரியல் ஐஓ என்ற டிரைவர் தேவை. அதைப் போடாமல் டச்பேட் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பலன் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, முதலில் சிப்செட்டும் சீரியல் ஐஓவும், அதன் பிறகு டச்பேட் டிரைவரும் என்ற வரிசையில் போடுங்கள். இது தெரியாமல் நல்ல டச்பேடைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வைத்தியம். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, வெளியிலிருந்தே கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, கீபோர்டையும் டச்பேடையும் கவனிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் டச்பேட் காணாமல் போகும் லேப்டாப்களில் இது பலமுறை வேலை செய்திருக்கிறது.

சார்ஜர் போட்டால் மட்டும் கர்சர் குதிக்கிறது

நம் ஊர் வீடுகளில் இது மிகவும் சாதாரணம். காரணமும் நம் வீட்டு ஒயரிங்கிலேயே இருக்கிறது. கர்சர் தானாக ஓடும், நடுங்கும், தொடாமலே கிளிக் ஆகும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடும். கூடவே மெட்டல் பாடி லேப்டாப் என்றால், மணிக்கட்டை வைக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கூச்சமோ ரீங்காரமோ தெரியும். "லேசா ஷாக் அடிக்குது" என்று சொல்வார்களே, அதுதான்.

சார்ஜருக்குள் வரும் 230 வோல்ட் பக்கத்துக்கும், லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பி வழியாக வெளியேற வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது லேப்டாப்பின் உலோக உடலிலேயே மிதந்துகொண்டிருக்கும். விரலிலிருந்து வரும் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் டச்பேடுக்கு இது பெரிய தொல்லை.

பிளக்கைப் பாருங்கள். மூன்று முள்ளில் தடித்த, நீளமான முள்தான் எர்த். இரண்டு துளை சாக்கெட்டில் செருக வேண்டும் என்பதற்காக அதை வெட்டியிருக்கிறார்களா? இரண்டு முள் கன்வெர்ட்டர் வழியாகச் செருகியிருக்கிறீர்களா? விலை மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் எர்த் துளை பார்வைக்கு இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. நேராகச் சுவர் சாக்கெட்டிலேயே, அதுவும் ஃப்ரிட்ஜுக்கோ வாஷிங் மெஷினுக்கோ எர்த்தோடு போட்ட பாயிண்டில் செருகிப் பாருங்கள். அங்கே குதிப்பது நின்றால் பிரச்சினை லேப்டாப்பில் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டை நீங்களே கழற்ற வேண்டாம். வீட்டுக்கு எர்த் இல்லை என்பது டச்பேடைவிடப் பெரிய சங்கதி. கெய்சரையும் மிக்சியையும் தொடுகிற வீட்டாரின் உயிர் அதில் இருக்கிறது. நல்ல எர்த் பாயிண்டிலும் குதித்தால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். இரவல் வாங்கிய ஒரிஜினல் சார்ஜர் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் கீழேயோ ஒட்டியோதான் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்து, சூட்டிலும் வெந்து, உள்ளேயிருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகும். மெல்லிய அலுமினியப் பையில் அடைத்த செல், தலையணை மாதிரி உப்பும். உப்பியதும் மேலே இருக்கும் டச்பேடை முட்டும்.

அறிகுறிகள் இவை. முதலில் கிளிக் கடினமாகும், பிறகு அழுந்தவே அழுந்தாது. டச்பேடின் ஒரு விளிம்பு உடலைவிடச் சற்று மேலே எழும்பி நிற்கும். நகத்தால் தடவினால் படி தட்டுப்படும். கீழ்க் கவருக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும். லேப்டாப்பைச் சமமான கண்ணாடி மேசையில் வைத்து மூலைகளைத் தொட்டால் ஆடும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மறுபடி சார்ஜ் போடக் கூடாது. எழும்பிய டச்பேடைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் நேராகச் செல்லின் மேல்தான் விழும். செல்லுக்குள் நேர், எதிர் படலங்களைப் பிரிப்பது மெல்லிய ஒரு தாள். அது கிழிந்தால் தீ. ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

பேட்டரி ஸ்க்ரூ போட்டு மாட்டியதாக இருந்தால், பொறுமையாக, உலோகக் கருவி எதுவும் படாமல், கனெக்டரைக் கழற்றி எடுத்துவிடலாம். பசை போட்டு ஒட்டியதாக இருந்தால், 2012-லிருந்து வந்த ரெட்டினா மேக்புக்குகள் போல, வீட்டில் கை வைக்க வேண்டாம். எடுத்த பேட்டரியைத் துணி, காகிதம், திரைச்சீலை எதுவும் அருகில் இல்லாத தரையில், முடிந்தால் உலர்ந்த மணல் போட்ட வாளியில், வெயில் படாத வெளியிடத்தில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக் கையாளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திலோ கொடுங்கள். பேட்டரி வெளியே வந்ததும் டச்பேட் தானாகவே பழைய நிலைக்கு இறங்கி, டிக் டிக் என்று கிளிக் ஆகத் தொடங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அப்படியானால் வேலை அதோடு முடிந்தது. புதுப் பேட்டரி போட்ட பிறகு, லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள்.

திறப்பதும், ரிப்பன் கேபிளும்

இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்றால் திறக்கலாம். முதலில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே பெரும்பாலான மாடல்களுக்கு இதை இலவசமாகத் தருகின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எதை முதலில் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். அரை மணி நேரம் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் பயமே இருக்காது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். பிஎச்0, பிஎச்00 அளவு ஸ்டார் திருப்புளிகள், சில மாடல்களுக்கு டி5 டார்க்ஸ், கிளிப்புகளைத் திறக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரு டார்ச், கொஞ்சம் ஐபிஏ. பிளாஸ்டிக் பட்டைக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். ஸ்க்ரூ தலை தேய்ந்துபோவது பெரும்பாலும் திருப்புளி அளவு தவறாக இருப்பதால்தான். அதனால் திருப்புளியில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் பெரிதாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் செலோ டேப்பால் ஒட்டுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் அது மேல் பேனலையோ மதர்போர்டையோ துளைத்துவிடும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை விட்டுவிட்டு கவரை இழுத்தால் உடையும். கவர் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஸ்க்ரூவைத் தேடுங்கள்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு காதுகளையும் மாற்றி மாற்றி நகர்த்தி எடுக்க வேண்டும். சில திங்க்பேட்களில் திறப்பதற்கு முன்பே பயாஸில் போய் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிறகு ஏதாவது எர்த் ஆன உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை வடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டச்பேடின் அடியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டையான கேபிளைக் கண்டுபிடியுங்கள். வெள்ளை நிறத்தில், விரல் அகலமோ அதைவிடக் குறுகியதாகவோ இருக்கும். முதலில் இரு முனைகளையும் அருகிலிருந்து போட்டோ எடுங்கள். முனையில் உள்ள நீலப் பட்டை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது அதில் தெரிய வேண்டும். கேபிள் நுழையும் கனெக்டரில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் அரிசி அகலத்துக்கு ஒரு மூடி இருக்கும். அதுதான் பூட்டு. சிலவற்றில் அது கதவு மாதிரி மேல்நோக்கி 90 டிகிரி எழும்பும்; சிலவற்றில் இரு பக்கக் காதுகளையும் பிடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். எந்த வகை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகத்தால் மெல்லத் தூக்குங்கள். இது உடைந்தால் சாதாரணக் கோளாறு மதர்போர்டுக் கோளாறாகிவிடும். பூட்டு திறந்திருந்தால் கேபிள் எந்தத் தடையும் இல்லாமல் தானாக வரும். இழுக்க வேண்டியிருந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று பொருள்.

முனையின் உலோகப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசையாகப் பளபளவென்று இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்ட லேப்டாப்களில் மங்கிய கறையும், டீ காபி சிந்தியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த பொடியும் தெரியும். ஐபிஏவில் நனைத்த துணியால், முனையை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். கனெக்டருக்குள் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தடவு தடவி, முழுதாக உலர விடுங்கள். திரும்பச் செருகும்போது கேபிளில் அச்சிட்ட வெள்ளைக் கோடு இருந்தால் அது கனெக்டரின் வாயோடு இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் உள்ளே, மறுபக்கம் கொஞ்சம் வெளியே என்றால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. நேராக வந்ததும் பூட்டை மூடுங்கள். டச்பேட் பக்கத்து முனைக்கும் இதே வேலை.

கேபிளின் நடுவே கூர்மையான மடிப்போ விரிசலோ தெரிந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். விலை குறைந்த சாமான் இது. ஆனால் வாங்கும்போது மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: பற்களின் எண்ணிக்கை, பற்களுக்கு நடுவே உள்ள தூரம் (பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர்), மொத்த நீளம். இவற்றோடு நாலாவதாக எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. இரு முனைகளின் பற்களும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, எதிரெதிர்ப் பக்கமா? மாறிப்போனால் செருக முடியும், ஆனால் தொடர்பு ஏற்படாது. பழைய கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. சென்னையில் ரிச்சி தெருவில் கேபிளைக் காட்டிக் கேட்கலாம்.

கவரை மூடி ஸ்க்ரூ போட அவசரப்படாதீர்கள். பேட்டரியை இணைத்து, கவரைச் சும்மா பொருத்தி, ஆன் செய்து பாருங்கள். பல லேப்டாப்களின் டச்பேட் கோளாறு இந்தக் கட்டத்தோடு முடிந்துவிடும்.

கர்சர் நகர்கிறது, கிளிக் மட்டும் ஆகவில்லை

இப்போதைய லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் தனி பட்டன்கள் கிடையாது. முழுப் பலகையும் மேல்விளிம்பில் கீல் போட்டு, கீழ்விளிம்பில் அழுந்துகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அதனால் மேல்பகுதியில் அழுத்தினால் கிளிக் ஆகாது. இது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. 2015-லிருந்து மேக்புக்குகளில் வரும் ஃபோர்ஸ் டச் வகை இன்னும் வேறு. அதில் பலகை அழுந்துவதே இல்லை; அழுத்தத்தை உணர்ந்து ஒரு மின்காந்தம் அதிர்ந்து கிளிக் போலத் தோன்ற வைக்கிறது. அணைத்து வைத்த மேக்புக்கில் கிளிக் சத்தம் வராதது அதனால்தான்.

கீல் வகையில் கிளிக் போனால் முதலில் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மிக்சர் துகள், பிஸ்கட் தூள் எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். அணைத்த லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து, ஒரு விசிட்டிங் கார்டின் விளிம்பை அந்த இடைவெளியில் ஓட்டினால் வெளியே வரும். சர்க்கரை போட்ட பானம் சிந்தி ஒட்டிக்கொண்டிருந்தால் கீழ்ப்பக்கம் திறந்து ஐபிஏவால் துடைக்க வேண்டும்.

உள்ளே, பலகையின் கீழ்விளிம்பு நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது; அதன் எதிரே உலோகத் தகட்டில் ஒரு முட்டோ, திருகக்கூடிய ஒரு ஸ்க்ரூவோ இருக்கும். பழகப் பழக இரண்டுக்கும் இடைவெளி கூடி, ஸ்விட்ச் அழுந்தாமல் போகிறது. 2008 முதல் 2012 வரை வந்த அலுமினிய மேக்புக் புரோவில் பேட்டரியை எடுத்தால் டி6 அளவில் இந்தச் சரிசெய்யும் ஸ்க்ரூ தெரியும். கால் சுற்று திருப்பிச் சோதித்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. ஸ்க்ரூ இல்லாத மாடல்களில், முட்டு தொடும் இடத்தில் கேப்டான் டேப்போ சாதாரண இன்சுலேஷன் டேப்போ சின்னதாக வெட்டி ஒரு அடுக்கு ஒட்டினால் போதும். இன்சுலேஷன் டேப்பின் தடிமன் சுமார் 0.13 மில்லிமீட்டர். அந்தத் துளி உயரமே கிளிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அளவு மீறினால் ஸ்விட்ச் எப்போதும் அழுந்தியே இருக்கும். கர்சர் போகிற இடமெல்லாம் எழுத்துகள் தானாகத் தேர்வாகும், ஐகான்கள் இழுபடும். அப்படி நடந்தால் டேப்பை எடுத்துவிடுங்கள். ஸ்விட்ச்சே உடைந்திருந்தால் சால்டரிங் பழகியவர் கையில் கொடுங்கள்.

டச்பேடையே மாற்றுவது

புது டச்பேட் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒரே மாடலிலேயே சில பெட்டிகளில் சினாப்டிக்ஸ், சிலவற்றில் ஈலான், சிலவற்றில் ஆல்ப்ஸ் என்று மாறி மாறிப் போட்டிருப்பார்கள். பழையதைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை போட்டோ எடுத்து, அதே எண்ணைக் கேளுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் டச்பேடை மேல் பேனலோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அங்கே கடைக்காரர் பாம்ரெஸ்ட், சி பேனல் என்று முழுப் பேனலைச் சொல்வது நியாயம்தான். ஒரு சிறு பாகத்துக்காக முழுப் பேனலை வாங்க வைக்கும் இந்த வடிவமைப்பில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. லேப்டாப் வாங்கும்போதே இதையும் விசாரியுங்கள்.

டச்பேடைத் தனியாக மாற்றக்கூடிய லேப்டாப்புக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிறையக் கிடைக்கும் திங்க்பேட் டி440-ஐப் பாருங்கள். 2013-ல் அது வந்தபோது தனி பட்டன்களை எடுத்துவிட்டு முழுப் பலகையும் அமுங்கும் டச்பேடை வைத்தார்கள். பயன்படுத்தியவர்கள் வெறுத்தார்கள். 2015-ல் வந்த டி450-ல் மேலே மூன்று பட்டன்கள் திரும்பி வந்தன. டி450-இன் டச்பேட் டி440-இல் அப்படியே பொருந்தும். பழுதானதை மாற்றும்போது பட்டன் உள்ளதையே வாங்கிப் போட்டால் லேப்டாப் முன்பைவிட நன்றாக ஆகிவிடும். டிரைவர் மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம்.

மாட்டும்போது ஒரு கவனம். டச்பேடின் முதுகிலிருந்து லேப்டாப்பின் உலோகச் சட்டத்துக்கு ஒரு வெள்ளி நிறப் பட்டையோ, தனி ஸ்க்ரூவோ போகும். பார்த்தால் வெறும் டேப் மாதிரி இருக்கும். அது டச்பேடின் எர்த். கிழித்து எறிந்துவிட்டாலோ திரும்ப ஒட்ட மறந்தாலோ, புத்தம்புது டச்பேடிலும் கர்சர் நடுங்கும். ஸ்க்ரூக்களை எல்லாம் பாதி பாதி முறுக்கி, பலகை நாலு பக்கமும் சமமான இடைவெளியில் நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் இறுக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கிளிக் சிக்கும்.

மூடியதும் நாலு மூலைகளுக்கும் விரலை ஓட்டிப் பாருங்கள். இரு விரல் ஸ்க்ரோல், இடது கிளிக், வலது கிளிக், இழுத்து விடுவது எல்லாவற்றையும் சார்ஜர் போட்டும் போடாமலும் சோதியுங்கள். கேபிளும் புதிது, டச்பேடும் புதிது, பயாஸிலும் அசைவில்லை என்றால் கோளாறு மதர்போர்டில்தான் இருக்கிறது. கனெக்டரின் பல் வளைந்திருக்கலாம், அந்த வழிக்கு மின்சாரம் தரும் சின்ன ஃபியூஸ் போயிருக்கலாம். இதற்கு மைக்ராஸ்கோப் வைத்து வேலை செய்யும் சிப் லெவல் மெக்கானிக் வேண்டும். அவரிடம் போகும்போது, எதையெல்லாம் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப்போடு கொடுங்கள். கழற்றிய பழைய டச்பேடையும் பழைய கேபிளையும் கூடவே வைத்துக் கொடுங்கள்.